ஒரே பனையின் ஓலையும் கள்ளும்

தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் பின்னேரம், திருகோணமலை உவர்மலையில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தேன். நண்பர் அஞ்சல் திணைக்களத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவருடைய துணைவியாரும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த விறாந்தையிலிருந்து பார்த்தால் உட்துறைமுகத்தின் நீர் மரங்களுக்கிடையே துண்டு துண்டாகத் தெரியும். அன்று அரைமணி நேரத்துக்குள் என் கைக்கு இரண்டு பொருள்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, கையால் செய்த பொங்கல் வாழ்த்து மடல். மற்றையது, கனடாவிலிருந்து வந்த ஒரு போத்தல் பியர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றுதான் முதலில் எண்ணினேன். வீடு திரும்பும்போது அந்த எண்ணம் மாறியிருந்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் பியரின் கதை. நண்பரின் தங்கை மகன் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பெரிய ஆலைகளில் செய்யப்படாத, சிறு பட்டறைகளில் சிறு அளவில் செய்யப்படும் பியர் வகைகளில் அவனுக்குப் பெரும் ஈடுபாடு. ‘கிராஃப்ட் பியர்’ என்று அங்கே அதற்குப் பெயர். கைவினைப் பியர் என்று நாம் சொல்லலாம். அவன் கொண்டுவந்த போத்தலின் முகப்பில் யாரோ ஓர் ஓவியர் வரைந்த படம் ஒட்டியிருந்தது. செய்தவரின் பெயரும் செய்த மாதமும் அச்சிடப்பட்டிருந்தன. காற்றில் இயல்பாக உலவும் மதுவத்தால் நொதிக்க விடப்பட்டது என்ற விளக்கமும் இருந்தது.

மருமகன் மிகுந்த கவனத்துடன் மூன்று கிளாசுகளில் ஊற்றினான். நிறம் சற்றுக் கலங்கிய வெண்மை. வாயில் வைத்ததும் புளிப்பு. அதன் பின்னே மெல்லிய இனிப்பு. பழுத்த பழத்தின் மணம். நண்பர் இரண்டு மிடறு குடித்துவிட்டு விலையைக் கேட்டார்.

“பதினெட்டு டொலர், மாமா.”

நண்பர் கிளாசை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “மச்சான், இது நேற்றுப் பின்னேரத்துக் கள்ளு. வேறொன்றுமில்லை.”

நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். பையனுக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கள்ளுக் குடித்துப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். “அம்மா விடமாட்டா. கள்ளுத் தவறணைப் பக்கம் போகக் கூடாது எண்டு சொல்லித்தான் அனுப்பினவ.” அந்தப் பதினெட்டு டொலர் போத்தலைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வைத்துக் கொடுத்ததும் அதே அம்மாதான் என்பது பிறகு தெரியவந்தது.

நண்பர் வேடிக்கையாகச் சொன்னது உண்மையில் சரியான மதிப்பீடு என்பதே என் துணிபு. பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸைச் சூழ்ந்த சென்னே ஆற்றுப் பள்ளத்தாக்கில் லாம்பிக் என்றொரு பியர் நெடுங்காலமாகச் செய்யப்படுகின்றது. கொதிக்கவைத்த தானியச் சாற்றை ஆழமற்ற திறந்த தொட்டியில் ஓரிரவு ஆறவிடுவார்கள். காற்றிலும் கட்டடத்தின் மரங்களிலும் வாழும் மதுவம் அதில் இறங்கி நொதித்தலைத் தொடக்கி வைக்கும். உலகின் சிறு பட்டறைக்காரர்கள் இன்று பெருமையுடன் பின்பற்றும் புளிப்புப் பியர்களுக்கு லாம்பிக்கே முன்னோடி. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாடு முழுவதையுமே யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டு மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுப் பட்டியலிட்டது.

நமது பனையில் நடப்பதும் இதுவே. பாளையை நாள்தோறும் கூரிய கத்தியால் மெல்லிதாகச் சீவிவிட, சாறு சொட்டுச் சொட்டாக முட்டிக்குள் இறங்குகின்றது. அச்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை உண்டு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது நொதிக்காமல் கருப்பணியாகக் கிடைக்கும். தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் கட்டிய முட்டி மாலையில் இறங்கும்போது பியருக்கு நிகரான மதுசாரம் சேர்ந்திருக்கும். ஒரு நாள் கடந்தால் புளிப்பு ஏறும். மேலும் விட்டால் வினாகிரியாகிவிடும். லாம்பிக்குக்கு ஆண்டுக் கணக்கில் பீப்பாயில் உறங்கும் பொறுமை வேண்டும். கள்ளுக்கு வேண்டியது நேரந்தவறாமை. இரண்டிலும் வேலை செய்வது அந்த இடத்தின் காற்றும் அந்த மனிதரின் கையுமே.

இதிலே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பியருக்கு வேண்டிய வாற்கோதுமையும் ஹொப்ஸ் பூவும் ஈழத்தின் வெப்ப மண்ணுக்கு உரியவை அல்ல. கப்பலில் வரவேண்டும். பனைக்கு எதுவும் கப்பலில் வரவேண்டியதில்லை. குச்சவெளியின் மணலும் கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றும் அதற்குப் போதும்.

வெளியிலிருந்து வரும் மதுவுக்கு மரியாதையும் உள்ளூர் மதுவுக்கு இழிவும் அளிப்பது இத்துறைமுகத்துக்குப் புதிதன்று. பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு வெளியேறும் வரை இங்கே தளம் வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தில் குண்டு பொழிந்தன. 1944இல் கீழைக் கடற்படையின் பெருங்கப்பல்கள் மீண்டும் இங்கே திரண்டபோது ஆயிரக்கணக்கான மாலுமிகள் இவ்வூரில் இருந்தார்கள். கீழ்த்திசையில் போரிடும் தம் படையினருக்குப் போதிய பியர் கிடைக்கவில்லையே என்பது லண்டனில் ஆட்சியாளர்களின் கவலையாயிற்று. அதன் விளைவாக ‘மெனெஸ்தியஸ்’ என்ற கப்பலைக் கனடாவின் வன்கூவரில் மாற்றியமைத்து, அதற்குள்ளேயே ஒரு பியர் ஆலையை நிறுவினார்கள். கடல்நீரைக் காய்ச்சி வடித்து நன்னீராக்கி, அதில் முளைகட்டிய வாற்கோதுமையின் சாரத்தைக் கரைத்துப் பியர் செய்யும் மிதக்கும் ஆலை அது. முதல் பியர் 1945ஆம் ஆண்டின் இறுதியில்தான் தயாரானது. அதற்குள் போரே முடிந்துவிட்டது.

ஒரு மிடறு பியருக்காகக் கடலையே காய்ச்சத் துணிந்த பேரரசு அது. அதன் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்த இக்கரையிலோ, நாள்தோறும் இரண்டு வேளை பனைகளில் முட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. அவற்றை நாகரிகமான குடிவகையாக அன்றைய ஆட்சியாளர் கருதவில்லை. வேதனை என்னவென்றால் நம்மவர்களும் கருதவில்லை.

உள்ளூர்ப் பியரின் கதியும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1881ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் நுவரெலியா ஆலையில் செய்யப்பட்ட லயன் ஸ்டௌட் என்ற கரும் பியரை இந்நாட்டில் பலர் உடல் அசதிக்குக் குடிக்கும் மருந்துபோலவே எண்ணியிருந்தார்கள். மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர், பாடகர் அல்லர், பியரைப் பற்றி எழுதியே உலகப் புகழ்பெற்று 2007இல் காலமானவர், அதைச் சுவைத்துப் பாராட்டி எழுதிய பின்னரே அதன் அருமை பலருக்குத் தெரியவந்தது. நம் வீட்டுப் பொருளின் மதிப்பை வெளியார் வந்து சொல்ல வேண்டியிருக்கின்றது. கள்ளுக்கு அப்படி ஒரு மைக்கல் ஜாக்சன் இன்னும் வரவில்லை.

பனைமரத்தின் கீழ் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்பது நம் பழமொழி. கூடாத இடத்தில் நிற்காதே என்பதற்கு அதை எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பழமொழிக்குள் இன்னொரு தீர்ப்பும் ஒளிந்திருக்கின்றது: பனைமரத்தின் அடி கூடாத இடம், அங்கே நிற்பவர் கூடாதவர். சீவல்தொழில் செய்தோரைச் சாதியின் பெயரால் நாம் தள்ளிவைத்த வரலாறு அது. அவர்களுடைய கள்ளை வேலியால் வாங்கிக் குடித்தோம். அவர்களைப் படலைக்குள் வரவிடவில்லை. அவர்கள் பிளாவில் ஊற்றித் தந்ததைக் குடித்துவிட்டு, அவர்களுக்குச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்தோம். இன்று அதே வேலையை ரொறன்ரோவில் தாடி வைத்த ஓர் இளைஞன் செய்தால் அது கலை. போத்தலில் அவன் பெயர் இருக்கின்றது. நமக்கு அந்தப் பெயரைப் படிக்கப் பெருமையாகவும் இருக்கின்றது.

சட்டமும் இந்த இழிவுக்குத் துணைநின்றது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. திருத்தங்கள் பல வந்துள்ளன. ஆயினும் அடிப்படை அதுதான். கள் இறக்கவும் விற்கவும் அனுமதி வேண்டும். குடியேற்ற அரசு வருமானத்தை நோக்கிச் சட்டம் செய்தது. அது திறந்த கள்ளுத் தவறணைகளுக்கு எதிராக அதே ஆண்டில் நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. இலங்கைத் தேசியத் தலைவர்கள் பலர் அரசியல் பழகியது அந்த மேடைகளிலேதான். வரி வாங்கும் அரசும் மதுவிலக்குக் கோரும் தலைவர்களும் எதிரெதிரே நின்றார்கள். மரத்தில் ஏறி இறங்கியவரின் குரல் இரு பக்கத்திலும் ஒலிக்கவில்லை.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் கதை இதுவே. பனையை மாநில மரமாகக் கொண்ட தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை நடைமுறையில் உள்ளது. அங்கே 2003 முதல் அரசு நிறுவனமே கடை வைத்து ஆலைச் சாராயத்தைச் சில்லறையாக விற்கின்றது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கின்றது. மரத்திலிருந்து இறங்கும் மென்மது குற்றமாகவும் ஆலையிலிருந்து வரும் வன்மது அரச வணிகமாகவும் இருப்பதற்கு என்ன நியாயம் என்று தமிழக விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றார்கள். விடை கிடைத்தபாடில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. அங்கே வீட்டில் சொந்தப் பாவனைக்குப் பியர் செய்வது நெடுங்காலம் சட்டவிரோதமாக இருந்தது. 1978ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் அதற்கு அனுமதி அளித்தது. அப்போது அந்தப் பெருநாட்டில் நூற்றுக்கும் குறைவான பியர் ஆலைகளே இருந்தன. வீட்டுச் சமையலறையில் பழகியவர்கள் பட்டறை தொடங்கினார்கள். இன்று அங்குள்ள பியர்ப் பட்டறைகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். அதே 1978இல்தான் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சீவல்தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வடக்கில் இயங்கத் தொடங்கியிருந்தன. அவை பல குடும்பங்களைத் தரகர் பிடியிலிருந்து மீட்டன என்பதை மறுக்க முடியாது. பிறகு போர் வந்தது. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் கணக்கின்றி வெட்டுண்டன. ஏறியவர்களில் பலர் இடம்பெயர்ந்தார்கள். பலர் இல்லாமலே போனார்கள்.

இப்போது கடைகளில் போத்தலில் அடைத்த பனங்கள்ளு கிடைக்கின்றது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் கூட வாங்கலாம். ஏற்றுமதிக்கு அது வேண்டியதே. ஆனால், சூடாக்கி மதுவத்தைக் கொன்று அடைத்த கள்ளில் உடன்கள்ளின் உயிர் இருப்பதில்லை. உடன்கள்ளு ஏற்றுமதிக்கு உரியதன்று. அது மரத்தடியைத் தேடிவருபவருக்கு உரியது. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் ஆண்டுதோறும் வெளிநாட்டார் வந்து போகின்றார்கள். கடற்கரை விடுதிகளில் அவர்களுக்குக் கிடைப்பது தகர டப்பாப் பியர். ஒரு கூப்பிடு தூரத்தில் நிற்கும் பனையைப் படம் பிடித்துக்கொண்டு அவர்கள் திரும்பிப் போகின்றார்கள்.

குடியை வளர்க்க எழுதுகின்றேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பத்திரிகைத் தொழிலில் குடியால் அழிந்த திறமைசாலிகளை அருகிலிருந்து பார்த்தவன் நான். மதுவால் சிதைந்த குடும்பங்கள் இம்மாவட்டத்தில் நிறைய உண்டு. கசிப்பால் கண்ணையும் உயிரையும் இழந்தவர்களைப் பற்றிய செய்திகளை என் கையாலேயே எழுதியிருக்கின்றேன். கள்ளும் மிஞ்சினால் கேடுதான். மது அருந்தாத முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் இது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். எங்கு விற்பது என்பதற்கு ஊரின் சம்மதம் வேண்டும். ஆனால், மென்மதுவை இறக்குபவரை மறைவுக்குத் துரத்திய இடங்களிலெல்லாம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது கசிப்பும் வன்மதுவுமே. மதுவைக் குறைக்க விரும்புபவர் முதலில் அஞ்ச வேண்டியது பனையை அன்று.

இனி வாழ்த்து மடலுக்கு வருகின்றேன்.

நண்பரின் துணைவியார் எனக்குத் தந்த மடல் அஞ்சலட்டையிலும் சற்றுப் பெரியது. தடித்த தாளின் மேல், பனையின் இளம் ஓலையை வெயிலில் உலர்த்தி, சாயமிட்டு, நறுக்கி ஒட்டிய பொங்கற்பானை. கரும்புக்கு ஓலையின் ஈர்க்கு. உள்ளே எனக்கென்றே எழுதிய நான்கு வரிகள். அவற்றில் ஒன்று என் கண் சத்திரசிகிச்சையைப் பற்றிய விசாரிப்பு. கார்த்திகை பிறந்ததும் தொடங்கி ஆண்டுக்கு நாற்பது மடல் செய்கின்றார். பொங்கலுக்கு மட்டுமன்று, ஒரே வீதியில் இருக்கும் முஸ்லிம் வீட்டுக்கு நோன்புப் பெருநாளிலும், சிங்கள வீட்டுக்கு வெசாக்கிலும், கத்தோலிக்க வீடுகளுக்கு நத்தாரிலும் மடல் போகும். போர்க்காலத்தில் சந்திகளில் சோதனைச்சாவடி நின்ற ஆண்டுகளிலும் இவ்வழக்கம் நின்றதில்லை என்று நண்பர் சொன்னார். பேசிக்கொள்ள அஞ்சிய அயலவர்கள் மடலை மட்டும் மறுக்கவில்லையாம்.

உலகின் முதல் அச்சிட்ட நத்தார் வாழ்த்து மடல் 1843இல் லண்டனில் வெளியானது. ஹென்றி கோல் என்பவர் கேட்டுக்கொள்ள, ஜோன் கால்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியர் வரைந்தது. கல்லச்சில் கோட்டோவியமாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். விலை ஒரு ஷில்லிங். அந்தப் படத்தில் ஒரு குடும்பமே வைன் கிண்ணங்களை உயர்த்தி நிற்கின்றது. சிறு குழந்தைக்கும் ஒரு மிடறு புகட்டப்படுகின்றது. மதுவிலக்கினர் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆக, வாழ்த்து மடலும் மதுவும் பிறப்பிலேயே ஒன்றாக வழக்கில் சிக்கியவை. ஹென்றி கோல் தம் பாட்டிக்கு எழுதி அனுப்பிய ஒரு மடல் 2001ஆம் ஆண்டு ஏலத்தில் இருபதாயிரம் பவுணுக்கு மேல் விலைபோனது. ஒரு பேரன் தன் கையால் பாட்டிக்கு எழுதியது என்பதும் அந்த விலையில் சேர்ந்திருந்தது என்றே நான் எண்ணுகின்றேன்.

நமக்கு மடல் வெளியிலிருந்து வந்த வழக்கமன்று. ஓலை என்றாலே தமிழில் கடிதம் என்று பொருள். மணவோலை போயிற்று, சாவோலை வந்தது, அரசன் ஓலை விடுத்தான். மோகனாங்கி என்ற நாவலை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்தத் திருகோணமலையின் மைந்தர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என அது போற்றப்படுகின்றது. அவர் சென்னையிலே பணியாற்றியது ஏட்டுச்சுவடிகள் நிறைந்த நூல்நிலையத்தில். அவருடைய தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் பழந்தமிழ் நூல்களில் ஆழ்ந்த புலமையாளர். நம் இலக்கியம் அத்தனையும் நூற்றாண்டுக் கணக்கில் பனையோலையின் மேலேயே பயணம் செய்து வந்தது. ஓலையைத் தந்த மரத்தைப் போற்றினோம். எழுதியவரைப் போற்றினோம். மரத்தில் ஏறி அந்த ஓலையை வெட்டித் தந்தவர் ஏட்டின் எந்த மூலையிலும் இல்லை.

சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகள் கட்டுக் கட்டாகக் கடைகளில் தொங்கிய காலத்தை என் வயதினர் அறிவோம். தொலைபேசி வந்தது, பின்னர் கைத்தொலைபேசி வந்தது. இன்று பொங்கலன்று காலையில் ஒரே பானை, ஒரே சூரியன், ஒரே வாசகம் முப்பது பேரிடமிருந்து என் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கின்றது. யாரோ செய்ததை யாரோ அனுப்ப, பார்க்காமலே நானும் அனுப்பிவிடுகின்றேன். வாழ்த்துப் பெற்ற நினைவு மாலைவரைகூட நிற்பதில்லை.

கையால் செய்வோரின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பிறகும், போர் ஓய்ந்த பிறகும், இக்கரையோரக் கிராமங்களில் பெண்களுக்கு ஓலை வேலையும் மடல் செய்வதும் வாழ்வாதாரப் பயிற்சியாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டன. கணவரை இழந்த பெண்கள் பலர் ஆர்வத்தோடு கற்றார்கள். திட்டக் காலம் முடிந்ததும் பயிற்றுவித்தோர் போய்விட்டார்கள். சந்தை வரவில்லை. ஒரு நாளில் ஏழெட்டு மடல் செய்த பெண்ணுக்கு அன்றைய அரிசிக்குக்கூடக் காணாத கூலி. அதே மடல் சுற்றுலாக் கடையில் பல மடங்கு விலை. பின்புறத்தில் ‘கைவினை’ என்று அச்சிட்டிருப்பார்கள். யாருடைய கை என்று இராது.

என் கருத்து இதுவே. கைவினை என்ற சொல்லுக்கு மதிப்பு வேண்டுமானால், அந்தக் கைக்கு உரியவரின் பெயரும் கூலியும் வெளியே தெரிய வேண்டும். ரொறன்ரோப் போத்தலிடம் நாம் கற்கவேண்டியது அந்தப் பெயர்ச்சீட்டை மட்டுமே; சுவையை நம் முன்னோர் அதற்கு முன்பே அறிவர்.

செய்யக்கூடியவை சில உண்டு. அன்றன்று இறக்கும் கள்ளைச் சாராயத்தோடு ஒரே தட்டில் வைக்காமல் சட்டத்திலும் வரியிலும் தனி வகையாகக் கொள்ளலாம். சீவல்தொழிலாளரோ அவர்தம் கூட்டுறவுச் சங்கமோ அனுமதி பெற்ற விடுதிகளுக்கு நேராக விற்க வழிசெய்யலாம். இறக்கியவர் பெயரும் இறக்கிய நேரமும் முட்டியில் எழுதியிருக்கட்டும். கலப்படத்துக்கு அதைவிடச் சிறந்த காவல் இல்லை. மது வேண்டாதவருக்குக் கருப்பணி அதே மரத்தில் காத்திருக்கின்றது. அறுபது, எழுபது அடி உயரத்தில் நாள்தோறும் இரண்டு வேளை உயிரைப் பணயம் வைப்பவருக்குக் காப்புறுதி கட்டாயமாகட்டும். விழுந்து முதுகெலும்பு முறிந்து பாயில் கிடப்பவர்களைப் பார்த்த பிள்ளைகள் எப்படி மரம் ஏறுவார்கள்? ஓலை மடல்களுக்கும் இதுவே விதி. பின்புறத்தில் செய்தவர் பெயர். விலையில் பாதிக்குக் குறையாமல் அவருக்கு. வாங்குபவர்கள் இதைக் கேட்டாலே கடைக்காரர் செய்வார்.

மரமேறும் இளைஞர் இல்லையே என்ற கேள்வி எழும். உண்மைதான். கூலியும் குறைவு, ஆபத்தும் மிகுதி, அவற்றுக்கு மேல் இழிவும் என்றால் யார் வருவார்? கூலியை உயர்த்தலாம், காப்புறுதி கொடுக்கலாம். இழிவைப் போக்குவது அரசாங்கத்தின் கையில் இல்லை. அது நம் வீட்டு விறாந்தையில் நடக்க வேண்டிய வேலை.

அந்த விறாந்தைக்கே திரும்புகின்றேன். நண்பரின் துணைவியாருக்கு ஓலை எங்கிருந்து வருகின்றது என்று கேட்டேன். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சீவல்தொழிலாளி கொண்டுவந்து தருகின்றாராம். பருவகாலத்தில் நண்பருக்குக் கள்ளுக் கொண்டுவருபவரும் அவரே. இருபது ஆண்டுப் பழக்கம். “இந்த முறை நாற்பத்தோராவது மடலை அவருக்கு அனுப்ப வேணும் எண்டு நினைச்சன்,” என்றார் அவர். “செய்து முடிச்சு, உறையில விலாசம் எழுதப் பேனையை எடுத்தன். பெயர் தெரியேல்லை. இவரைக் கேட்டன், இவருக்கும் தெரியேல்லை.”

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஊராரின் பெயர்களைப் படித்துக் கடிதம் பிரித்தவர் அவர். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘கள்ளுக்கார அண்ணை’ மட்டுமே. நானும் தலைகுனிய வேண்டியவன்தான். தவறணை ஏலம், மதுவரி, கசிப்புச் சாவு என்று எத்தனையோ செய்திகளை நாற்பது ஆண்டுகளாக எழுதியிருக்கின்றேன். மதுவரி அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் உண்டு. அமைச்சர்களின் பெயர்கள் உண்டு. மரமேறிய ஒருவரின் பெயரை ஒருதரமேனும் எழுதிய நினைவு எனக்கில்லை.

மாசி மாதத்தில் நண்பர் தொலைபேசியில் பேசினார். ஓலை கொண்டுவந்தபோது பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்களாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் சற்றுக் கலங்கினாராம். பெயர் கேட்பவர்கள் பெரும்பாலும் பொலிசாரே என்பதால். மடல், பிந்திய பொங்கல் வாழ்த்தாக, அஞ்சலில் போய்ச் சேர்ந்திருக்கின்றது. மின்சாரப் பட்டியலைத் தவிர வேறொன்றும் தம் பெயருக்கு அந்த வீட்டுக்கு வந்ததில்லை என்று அவர் பிறகு சொன்னாராம்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரிடம் கேட்டுவிட்டே எழுத வேண்டும். பருவம் தொடங்கிவிட்டது, அடுத்த வாரம் மூதூருக்குப் போகின்றேன். ரொறன்ரோ மருமகன் தன் பயணச்சீட்டைப் பத்து நாள் பின்போட்டிருக்கின்றான். அவனும் கூட வருகின்றான். அம்மாவிடம் அவனே சொல்லிக்கொள்ளட்டும்.